புங்க நிழலும் காகிதப்பூக் கொடியும்

சென்னையில் கத்திரி வெயில் கொளுத்தும் மே மாத நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்குச் சற்று வடக்கே தள்ளி நிற்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஊருக்கு நேர் மேலே வந்து, கடந்து, வடக்கே போன சூரியன் அது. ஆகஸ்டு நடுவில் திரும்பும்போதுதான் மறுபடி நேர் மேலே வரும். இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு மாதமும் வீட்டின் தெற்குச் சுவரில் நேர் வெயில் படுவதே இல்லை. காலை வெயில் கிழக்குச் சுவரில் விழுகிறது. நண்பகல் வெயில் முழுவதும் மொட்டை மாடியில் இறங்குகிறது. பிற்பகல் வெயிலை மேற்குச் சுவர் வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகும் வெகுநேரம் அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்குக் கொடி வைப்பதா, மரம் வைப்பதா என்ற கேள்வியை இந்தச் சூரியனிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அது நர்சரி வாசலில் தொடங்குகிறது. எது கண்ணைப் பறிக்கும்? எது சீக்கிரம் வளரும்? எது இடத்தை அடைக்காது? மூன்றுக்கும் ஒரே விடையாகக் காகிதப்பூக் கொடி வந்து நிற்கும். அரை கிரவுண்டு மனையில், அதாவது 1,200 சதுர அடியில், வீட்டைக் கட்டி, வண்டி நிறுத்த இடம் ஒதுக்கி, மிஞ்சிய தரைக்கும் சிமெண்டுக் கல் பதித்தபின் மரம் என்ற பேச்சே எழுவதில்லை. மரம் பெரிய வீட்டுக்காரர்களுக்கு, கொடி நமக்கு என்று ஒரு பாகப்பிரிவினை தானாகவே நடந்துவிட்டது.

அந்தப் பாகப்பிரிவினை சரிதானா என்று பார்க்க ஒரு கொடியையும் ஒரு மரத்தையும் எடுத்துக்கொள்கிறேன். கொடி, காகிதப்பூ. மரம், புங்கம். இரண்டும் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் கிடைப்பவை. இரண்டும் வேரூன்றிய பிறகு தண்ணீருக்காக ஏங்காதவை. கடலோர உப்புக்காற்றையும் உள்நாட்டு வறட்சியையும் இரண்டும் தாங்கும். சமமான இரண்டை ஒப்பிட்டால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். ரோஜாக் கொடியையும் ஆலமரத்தையும் ஒப்பிட்டு எந்தப் பயனும் இல்லை.

காகிதப்பூவின் தாயகம் தென் அமெரிக்கா. 1766இல் பிரான்சிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பிய லூயி அந்துவான் தெ பூகன்வில்லின் பயணத்தில் ஃபிலிபேர் கொமர்சோன் என்ற தாவரவியலாளர் இருந்தார். 1767இல் ரியோ டி ஜெனிரோவில் கப்பல்கள் நின்றபோது இந்தக் கொடி சேகரிக்கப்பட்டது. கொமர்சோனுடன் ஆண் வேடத்தில் உதவியாளராகப் போனவர் ஜான் பாரே. உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று இன்று அறியப்படுபவர். நோயுற்றிருந்த கொமர்சோனுக்குப் பதிலாகச் செடி கொடிகளைத் தேடி அலைந்ததில் பெரும்பங்கு இந்தப் பெண்ணுடையது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். கொடிக்கோ கப்பல் தலைவரின் பெயர் போயிற்று. பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜுசியூ 1789இல் அந்தப் பேரினத்தை முறையாக வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த கொடி, இன்று புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களில் மஞ்சள் சுவர்களுக்கு மேலே வழிந்து நிற்பதைப் பார்ப்பவர்கள் அது அந்த ஊரிலேயே பிறந்தது என்றுதான் நினைப்பார்கள்.

நாம் பூ என்று சொல்லும் வண்ணப்பகுதி உண்மையில் பூவடிச் செதில். மூன்று செதில்களுக்கு நடுவே குச்சிபோல நிற்கும் சிறிய வெள்ளைக் குழல்தான் பூ. செதிலின் சிவப்பும் ஊதாவும் பீட்ரூட்டுக்கு நிறம் தரும் அதே வகை நிறமிகளால் வருபவை. செதில் இலையின் உறவு. எனவே பூவிதழைப்போல ஒரு நாளில் வாடுவதில்லை, வாரக்கணக்கில் நிற்கிறது. தோட்டக்காரர்கள் இதை விரும்புவதற்கு இதுவே முதற்காரணம். அடுக்கடுக்காகச் செதில் நெருங்கிய சில ஒட்டு வகைகளில் நடுப்பூவே இருப்பதில்லை. வண்ணத்துப்பூச்சிக்கும் தேனீக்கும் அங்கே ஒன்றும் கிடைக்காது.

கொடி என்று சொல்கிறோமே தவிர, ஏறுவதற்கான உறுப்பு எதுவும் காகிதப்பூவுக்குச் சரியாக அமையவில்லை. அவரைபோல அதன் தண்டு கொம்பைச் சுற்றாது. பாகல்போலச் சுருள்கம்பியும் இல்லை; மிளகைப்போல ஒட்டிக்கொள்ளும் வேரும் இல்லை. இலைக்கணுவில் இருக்கும் வளைந்த முள்தான் அதன் ஒரே பிடிமானம். பக்கத்துச் செடிமேல் சாய்ந்து, முள்ளை மாட்டி, அதன் மேலேயே இன்னொரு கிளையை எறிந்து ஏறுகிறது. சார்லஸ் டார்வின் 1865இல் ஏறுகொடிகளின் அசைவுகளைப் பற்றி விரிவாக எழுதியபோது, கொக்கி மாட்டி ஏறுபவற்றையே எல்லாவற்றிலும் திறன் குறைந்தவை என்று மதிப்பிட்டார். நம் வீட்டுச் சுவரில் காகிதப்பூ நிற்கிறது என்றால் யாரோ கட்டி நிறுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். கயிறு இற்றால் மறுபடி கட்ட வேண்டும். கிளை கனத்தால் கம்பியை மாற்ற வேண்டும். பாரி தேரை விட்டுப்போனது முல்லைக்கு ஒரு கொழுகொம்பு இல்லை என்பதற்காகத்தான். கொடி வைத்த ஒவ்வொருவருக்கும் அந்தப் பொறுப்பு உண்டு, தேரின் அளவு வேறு என்பதைத் தவிர.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கொடியின் வாழ்க்கை முறையே அதுதான். தன் எடையைத் தானே தாங்க வேண்டிய மரம், தான் தேடும் சத்தில் பெரும்பகுதியை அடிமரத்துக்கும் கிளைகளுக்கும் வேருக்கும் செலவிட்டாக வேண்டும். கொடிக்கு அந்தச் செலவு இல்லை. மெல்லிய தண்டு போதும். தண்டுக்குள் நீரேற்றும் குழாய்கள் மரங்களில் இருப்பவற்றைவிடப் பொதுவாக அகலமானவை, எனவே கட்டைவிரல் பருமனுள்ள தண்டு ஒரு சுவர் நிறைய இலைக்கு நீர் கொண்டுபோகும். மிச்சப்பட்டதெல்லாம் நீளமாகவும் இலையாகவும் மாறுகிறது. நட்ட இரண்டாம் கோடையிலேயே கொடி சுவரை மூடுவதும், அதே வயதில் புங்கங்கன்று ஓர் ஆள் உயரத்தில் தயங்கி நிற்பதும் இதனால்தான். மரம் அந்த ஆண்டுகளில் மண்ணுக்குக் கீழே வேலை செய்துகொண்டிருக்கிறது. அவசரக்காரர்களுக்கு அது தெரிவதில்லை.

காகிதப்பூவில் நிழலைத் தேடுபவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒரு முரண் உண்டு. தாராளமாகத் தண்ணீர் ஊற்றி, சாணி எருவும் போட்டால் அது இலையாக வளரும், பூ குறையும். தண்ணீரை நிறுத்தி வாடவிட்டால் இலையை உதிர்த்துவிட்டுச் செதிலாகப் பூத்துத் தள்ளும். நர்சரிக்காரர்கள் விற்பனைக்கு முன் தொட்டியைக் காயப்போடுவது இதற்காகத்தான். அப்படியானால் சுவரைக் குளிரவைக்கும் கொடியும் தெருவையே நின்று பார்க்கவைக்கும் கொடியும் ஒரே நேரத்தில் ஒரே கொடியாக இருக்க முடியாது. கோடையின் உச்சத்தில் அது பூத்துக் குலுங்குகிறது என்றால், இலைகள் குறைந்து, நீராவியும் குறைந்து, நிழல் மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். அழகும் பயனும் இங்கே ஒரே நீருக்காகப் போட்டியிடுகின்றன.

புங்கத்தில் அந்தப் போட்டி இல்லை. அதன் ஆண்டுக்கணக்கு நம் வெயிலுக்கென்றே எழுதப்பட்டதுபோல இருக்கிறது. மாசியில், வெயில் இன்னும் பொறுக்கும்படி இருக்கும்போது, இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. மரம் மொட்டையாக நிற்பது சொற்ப நாள்தான். பங்குனிக்குள் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கும் இளம்பச்சைத் தளிர் மூடிவிடும். சித்திரை பிறக்கும்போது தளிர் முற்றி அடர்நிழல் தயாராகிவிடுகிறது. வெள்ளையும் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சிறு பூக்கள் அந்த நிழலிலேயே கொட்டத் தொடங்குகின்றன. இவ்வளவும் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நடக்கிறது. ஆழமாக இறங்கும் ஆணிவேர் ஈரத்தைத் தேடிக்கொள்கிறது. வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனை உரமாக்கித் தருகின்றன.

வீட்டு முற்றத்துப் புங்கம் நமக்குப் புதிதன்று. குறுந்தொகையின் 53ஆம் பாடல், கோப்பெருஞ்சோழன் பாடியது, முன்றிலில் நிற்கும் புங்கின் பூக்கள் வெண்மணலில் உதிர்ந்து கிடப்பதை, வேலன் வெறியாடிய களத்தில் நெற்பொரி சிதறிக் கிடப்பதோடு ஒப்பிடுகிறது. காட்டு மரத்தை எங்கோ போய்ப் பார்த்துவந்து சொன்ன உவமை இல்லை இது. வாசலில் நிற்கும் மரம், வாசலில் விரித்த மணல். நந்தனார் கதையோடு இணைந்த திருப்புன்கூர் சிவலோகநாதர் கோயிலில் இன்றும் புங்கமே தலமரம். வயல்காரர்களுக்கோ புங்கந்தழை நடவுக்கு முன் சேற்றில் மிதித்துவிடும் தழையுரம். கொட்டையை ஆட்டினால் விளக்கெரிக்கவும் சோப்புக் காய்ச்சவும் எண்ணெய். கொட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் இருப்பதால் டீசலுக்கு மாற்றாக அதைப் பயன்படுத்தும் முயற்சிகளும் நடந்தன. ஆனால் அந்த எண்ணெய் கசப்பானது, உண்ணத் தகாதது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் காய் உதிரும் பருவத்தில் தரையைக் கூட்டிவிடுவது நல்லது.

புங்கத்தின் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் முதலாவது, குப்பை. அது உண்மை. மாசியில் இலை, சித்திரை வைகாசியில் பூ, பிறகு காய் என்று ஆண்டில் பாதி நாள் அது ஏதாவது போட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்டுத் தரைக்கு அது குப்பைதான். மண்தரையில், மரத்தடியிலேயே, ஒரு சாண் உயரத்துக்கு மூடாக்காகப் போட்டுவைத்தால் அடுத்த மழைக்குள் கறுத்து மண்ணாகிவிடும். இரண்டாவது குற்றச்சாட்டு, இலையில் கொப்புளம் கொப்புளமாக வரும் நோய். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேனின் வேலை அது. இலையின் அழகு கெடுமே தவிர நன்றாக வளரும் மரத்துக்குப் பெரிய சேதம் இல்லை. மருந்தடிக்க ஆள் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்றே சொல்வேன். அந்த இலைகளை நம்பித்தான் சில பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் பிழைக்கின்றன. பூவை நம்பித் தேனீக்கள் வருகின்றன. காகிதப்பூக் கொடி நம் மண்ணில் இவ்வளவு உறவு இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை.

வெயிலுக்கு வருகிறேன். மே நடுவில் சென்னையில் மாலை நான்கு மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 32 பாகை உயரத்தில், நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 14 பாகை வடக்கே தள்ளி இருக்கும். அந்த நேரத்தில் 10 மீட்டர் உயர மரத்தின் நிழல் ஏறத்தாழ 16 மீட்டர் நீளும். மூன்று மணிக்கு அதே மரத்தின் நிழல் 10 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஐந்து மணிக்கு 30 மீட்டர். ஆக, வீட்டின் வடமேற்கு மூலைக்கு வெளியே, ஐந்தாறு மீட்டர் தள்ளி நிற்கும் புங்கம் ஒன்று பிற்பகல் மூன்று மணியிலிருந்து மேற்குச் சுவரைக் காத்துவிடும். அந்த இடம் பல மனைகளில் உங்கள் இடமாகவே இருக்காது. தெரு ஓரமாகவோ பக்கத்து மனையாகவோ இருக்கும். அப்போதும் மரத்தின் பயன் குறைவதில்லை. பக்கத்து வீட்டு மரம் உங்கள் சுவரையும், உங்கள் மரம் கிழக்கு வீட்டின் சுவரையும் காக்கும். தெரு மரங்களை ஒரு வீட்டுக் கணக்கில் பார்த்து வெட்டச் சொல்பவர்கள் இந்த நிழல் போகும் திசையை ஒரு நாள் நின்று கவனிக்க வேண்டும். ஆங்கிலத் தோட்ட நூல்கள் தெற்குப் பக்கம் இலையுதிர் மரம் வை என்று சொல்லும். குளிர்காலத்தில் வெயில் தேவைப்படும் நாட்டுக்கு, சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும் ஊருக்கு, அது சரி. நம் ஊருக்கு அந்த அறிவுரை பொருந்தாது.

நண்பகல் வேறு சிக்கல். அப்போது நிழல் மரத்தடியிலேயே விழுகிறது. மொட்டை மாடிக்கு நண்பகல் நிழல் வேண்டுமென்றால் மரத்தின் கிளைவிரிவு மாடியின் மேலேயே கவிய வேண்டும். அதைப் புங்கம் செய்ய 10, 15 ஆண்டாகலாம்; சிறு மனையில் அது முடியாமலும் போகலாம். இங்கே கொடிக்கு ஓர் உண்மையான வேலை இருக்கிறது. மாடியில் ஏழடி உயரத்தில் இரும்புக் குழாயில் பந்தல் போட்டு, தரையிலிருந்து ஏற்றிய கொடியைப் படரவிட்டால், கான்கிரீட் தளத்துக்கு மேலே காற்றோடும் இடைவெளியுடன் ஓர் இலைக்கூரை கிடைக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயிகளும், புடலை, பீர்க்கன் போடுபவர்களும் பந்தல் கலையை நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அலங்காரக் கொடிக்கு அதைப் பயன்படுத்துவதில் புதுமை ஒன்றுமில்லை. கொடியைத் தொட்டியில் வைக்காமல் தரை மண்ணில் நட்டு மாடிக்கு ஏற்றுவதுதான் முக்கியம். தொட்டி மண்ணில் இலை நிறைய நிற்கும் அளவுக்கு நீர் தங்காது; எடையும் தளத்தின் மேல் ஏறும்.

மேற்குச் சுவருக்கும் மரம் வளரும்வரை கொடியே துணை. சிங்கப்பூரின் ஹார்ட்பார்க்கில் எட்டு வகைச் சுவர்ப்பசுமை அமைப்புகளை வைத்து நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. வெறுஞ்சுவரோடு ஒப்பிடும்போது சுவரின் மேற்பரப்பு வெப்பம் அதிகபட்சம் 11 பாகை செல்சியஸுக்கு மேல் குறைந்ததாக அது பதிவு செய்தது. சிங்கப்பூரின் புழுக்கம் நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தோடு ஒப்பிடத்தக்கது என்பதால் இந்த எண்ணை நான் மதிக்கிறேன். மரங்களைப் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது, ஹஷேம் அக்பரியும் உடன் ஆய்வாளர்களும் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வு. இரண்டு வீடுகளில் நிழல் மரங்களை வைத்தும் எடுத்தும் அளந்தபோது, குளிர்விப்புக்கான மின்செலவில் 30 விழுக்காடு மிச்சமானது. சாக்ரமென்டோவின் கோடை வறண்டது. அங்கே இலைகள் விடும் நீராவியும் காற்றை நன்றாகக் குளிர்விக்கும். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. கடற்காற்று ஈரத்தோடு வரும் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் அந்தப் பங்கு சற்றுக் குறையும். மதுரையிலும் வேலூரிலும் திருச்சியிலும் கூடும். நிழலின் பங்கோ எங்கும் மாறாது. வெயில் சுவரைத் தொடவில்லை என்றால் தொடவில்லைதான்.

கொடியால் முடியாதது, மனிதன் நிற்கும் இடத்தைக் குளிரவைப்பது. சுவரில் ஒட்டிய பசுமை சுவரைக் காக்கும். வாசலில் காய்கறி வண்டிக்காரர் நிற்கவோ, பாட்டி கட்டில் போட்டுப் படுக்கவோ, பிள்ளைகள் பம்பரம் விடவோ அதனடியில் இடம் கிடையாது. பந்தல் ஓரளவு தரும். மரம்தான் அதை யாருக்கும் காசில்லாமல், சுவரைத் தாண்டித் தெருவுக்கும் தருகிறது. வீட்டுத் தோட்டம் என்பது வீட்டாருக்கு மட்டும் என்று நினைக்காதவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மரம் விழுமே என்ற அச்சத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபோது சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. விழுந்து கிடந்தவற்றில் குல்மோகரும் மஞ்சள் பூப் பூக்கும் பெல்டோபோரமும் கண்ணில் படும்படி நிறைய இருந்தன. மென்கட்டையும் மேலோட்டமான வேரும் உள்ளவை அவை. ஆனால் இனத்தின் மேல் மட்டும் பழியைப் போடுவது சரியாகாது. அடிமரத்தை நெருக்கிக் கான்கிரீட் போட்டோம். மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் ஒரு பக்க வேரை வெட்டினோம். மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளையை மட்டும் கழித்தோம். மரத்தின் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் முதல் இரண்டு மூன்று அடியில்தான் கிடையாக ஓடுகின்றன. ஒரு பக்கத்தை அறுத்துவிட்டு அது நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி? புங்கத்துக்கு வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 15 அடி தள்ளி இடம் பாருங்கள். கரிசல் மண்ணில் இன்னும் தள்ளி, ஏனெனில் வேர் உறிஞ்சும்போது அந்த மண் சுருங்கி அடித்தளத்தை அசைக்கும். கழிவுநீர்த் தொட்டியின் பக்கம் வேண்டாம். அடியைச் சுற்றி நான்கடிக்கு நான்கடியாவது மண்ணாகவே விடுங்கள். முதல் ஐந்தாறு ஆண்டுகள் கவட்டையாகப் பிரியும் கிளைகளில் ஒன்றைக் கழித்து, ஒரே நடுத்தண்டை எட்டடிக்குக் கொண்டுபோனால், பிற்காலத்தில் கோடரியோடு ஆள் வர வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. கொடியும் புயலில் பத்திரமானதில்லை. ஆண்டுக்கணக்கில் கவாத்துச் செய்யாமல் விட்ட காகிதப்பூப் புதர், காற்றை முழுதாக வாங்கி, தன்னைத் தாங்கிய கம்பிவலையையும் பலமில்லாத காம்பவுண்டுச் சுவரையும் இழுத்துக்கொண்டு சாயக்கூடும்.

கொடியையும் மரத்தையும் ஒன்றாக வைப்பவர்கள் செய்யும் ஒரு காரியத்தை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்பேன்: கொடியை மரத்தின் மேலேயே ஏற்றிவிடுவது. பார்க்க ஊதாப்பூ மரம்போல அழகாக இருக்கும், சில ஆண்டுகளுக்கு. பனாமாவில் ஷ்னிட்சர் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டின் சில பகுதிகளில் கொடிகளை வெட்டி நீக்கிவிட்டு மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். கொடிகள் இருந்த இடங்களில் காடு ஆண்டுதோறும் தரைக்கு மேலே சேர்க்கும் நிகரக் கரி சுமார் 76 விழுக்காடு குறைந்திருந்தது என்று 2015இல் அறிவித்தார்கள். மரங்களின் வளர்ச்சி தளர்ந்ததும், அதிக மரங்கள் பட்டுப்போனதும் அதற்குக் காரணம். ஒளியை மேலேயும் நீரைக் கீழேயும் ஒரே நேரத்தில் கொடி பறிக்கிறது. காட்டுக்குச் சொன்ன எண்ணை அப்படியே வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவர முடியாது; ஆனால் நடக்கும் காரியம் அதேதான், அதுவும் முள்ளுள்ள கொடி என்றால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. காகிதப்பூ முள் கீறிய இடம் சிலருக்கு வீங்கிக் கடுகடுக்கும். கையுறை இல்லாமல் யாரையும் அந்த வேலைக்கு அனுப்பக் கூடாது.

எனவே என் பரிந்துரை, இரண்டில் ஒன்று என்ற கேள்வியையே மாற்றி, எது முதலில் என்று கேட்பது. முதலில் மரத்துக்கு இடம் பாருங்கள், வடமேற்கிலோ மேற்கிலோ. சொந்த மனையில் இல்லையென்றால் தெரு ஓரத்தில், உள்ளாட்சியிடம் கேட்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் புரட்டாசியில் மூன்றடிக் குழியில் மண்ணோடு மக்கிய தொழு உரம் கலந்து புங்கங்கன்றை நடுங்கள். ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். அடுத்த இரண்டு கோடைக்கு மட்டும் வாரம் இரண்டு முறை நீர். அதே நாளில் மேற்குச் சுவரோரம் கொடியையும் நடலாம். சுவரிலிருந்து அரையடி தள்ளிக் கம்பி கட்டுங்கள். இடையில் காற்று ஓடினால் சுவரில் ஓதம் ஏறாது. நிறமே முக்கியம் என்றால் காகிதப்பூ. சன்னல் ஓரத்தில் இரவு மணமும் வேண்டும் என்றால் ரங்கூன் மல்லி: தானே சுற்றி ஏறும், மாலையில் வெள்ளையாக விரிந்து மறுநாள் இளஞ்சிவப்பாகிப் பின் சிவக்கும், இருட்டில் அந்திப்பூச்சிகளும் பகலில் தேனீக்களும் அதைத் தேடி வரும். இரண்டுக்கும் பூத்து ஓய்ந்ததும் கவாத்து. புதுத்துளிரில்தான் பூ வரும்.

ஏழெட்டு ஆண்டில் புங்கத்தின் நிழல் பிற்பகலில் மேற்குச் சுவரை எட்டும். காகிதப்பூவுக்கு நாளில் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அது குறையத் தொடங்கியதும் பூவும் குறையும். அப்போது கொடியின் மேல் கோபப்பட்டு உரத்தைக் கூட்ட வேண்டாம். அந்தச் சுவரைக் காக்க வந்த வேலை முடிந்துவிட்டது. முதிர்ந்த தண்டைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, ஈர மணலில் ஊன்றித் துளிர்க்கவைத்து, மாடிப் பந்தலுக்கு வெயில் படும் மூலையில் மறுபடி நடலாம்.